ஸ்கைலர் வைட் செய்த குற்றங்களும் செய்யாத குற்றங்களும்

'பிரேக்கிங் பேட்' தொடரின் மூன்றாவது சீசனில் ஸ்கைலர் போலீஸைக் கூப்பிடுகிறாள். விவாகரத்துக் கேட்டு வீட்டைவிட்டு அனுப்பிய கணவன் வால்டர் வைட், அவள் சம்மதம் இல்லாமலே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறான். போலீஸைக் கூப்பிடுவேன் என்கிறாள். தாராளமாகக் கூப்பிடு என்கிறான். கூப்பிடுகிறாள். வந்த போலீஸ்காரர் கேட்பதெல்லாம் அவர் கேட்க வேண்டிய கேள்விகள்தான். அடித்தாரா? மிரட்டினாரா? சட்டப்படி பிரிந்துவிட்டீர்களா? எதற்கும் ஆமாம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. வீடு இரண்டு பேருக்கும் சொந்தம். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்ற இடத்தில்தான் அவள் தடுமாறுகிறாள். இருக்கிறது. ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் வீட்டில் மகன் இருக்கிறான். அப்பா திரும்பி வந்துவிட்டார் என்ற சந்தோஷத்திலும், அவரை அம்மா ஏன் விரட்டுகிறாள் என்ற கோபத்திலும் இருக்கிறான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. போலீஸ் போகிறது, வால்ட் வீட்டிலேயே தங்கிவிடுகிறான்.

அதே எபிசோடின் கடைசியில், தன் முதலாளி டெட் பெனக்குடன் படுத்ததை அவள் வால்ட்டின் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். உலகெங்கும் ரசிகர்கள் அவள்மேல் கொட்டிய வெறுப்பில் பெரும்பகுதி அந்த ஒரு வரியிலிருந்துதான் வளர்ந்தது. தமிழில் இந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்களும் ஸ்கைலர் என்றதும் முதலில் சொல்வது அதைத்தான். அதற்கு முன்னால் அதே வீட்டில் நடந்த போலீஸ் விசாரணையைச் சொல்பவர்கள் குறைவு.

ஸ்கைலருக்காக வாதாட விரும்புகிறேன். அவள் தவறே செய்யாதவள் என்று சொல்ல வரவில்லை. கடைசி சீசனில் அவள் பேசும் ஒரு வாக்கியத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு ஏற்க முடியாது. ஆனால் யாரும் அவளை வெறுத்தது அந்த வாக்கியத்துக்காக அல்ல. அவள்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் பல, வேறு வழியில்லாத ஒருத்தி எடுத்த முடிவுகள். அவள் உண்மையில் செய்த குற்றங்களோ, வால்ட்டுக்கு உதவியாக இருந்ததால் கேள்வியின்றிக் கடந்துபோயின. இந்தக் குளறுபடி எப்படி வந்தது என்று பார்க்கலாம். தொடரை இன்னும் பார்க்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கதை முழுவதும் இங்கே வெளிப்படும்.

2008 ஜனவரி முதல் 2013 செப்டம்பர் வரை ஏ.எம்.சி. சேனலில் ஐந்து சீசன்களாக 62 எபிசோடுகள் வந்த தொடர் இது. நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் வேதியியல் வாத்தியார் வால்ட். ஐம்பது வயதில் நுரையீரல் புற்றுநோய். குடும்பத்துக்குப் பணம் சேர்த்துவைக்க மெத் என்ற போதைப்பொருளைத் தயாரிக்கத் தொடங்குகிறான். மனைவி ஸ்கைலர் கர்ப்பிணி. மகன் வால்ட் ஜூனியருக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம், ஊன்றுகோல் துணையோடு நடப்பவன். ஸ்கைலரின் தங்கை மாரியின் கணவன் ஹேங்க், போதைப்பொருள் தடுப்புத் துறையான டி.இ.ஏ.வில் அதிகாரி. வின்ஸ் கில்லிகன் உருவாக்கிய தொடர். ஸ்கைலராக நடித்தவர் ஆனா கன்.

முதல் காட்சியே வால்ட்டின் கண் வழியாகத்தான் தொடங்குகிறது. பாலைவனத்தில் உள்ளாடையோடு அவன் வண்டி ஓட்டி வரும்போதே நாம் அவன் கூட்டாளிகளாகிவிடுகிறோம். அவனுடைய ரகசியம் நமக்குத் தெரியும், ஸ்கைலருக்குத் தெரியாது. அதனால் அவள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நம் ஆள் மாட்டிக்கொள்வானோ என்ற பதற்றத்தையே தருகிறது. எங்கே போயிருந்தாய் என்று ஒரு மனைவி கேட்பது சாதாரண விஷயம். இந்தத் தொடரில் அது கதைக்குக் குறுக்கே விழும் தடை. திரைக்கதையின் இந்த ஏற்பாட்டை மறந்துவிட்டு, 'நச்சரிக்கிறாள்' என்ற தீர்ப்பை நாம் எழுதிவிட்டோம்.

நமக்குத் தெரிந்ததை ஒதுக்கிவைத்து, அவளுக்குத் தெரிந்ததை மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள். கணவன் வாரக்கணக்கில் மறைத்துவிட்டுத்தான் புற்றுநோய் வந்ததைச் சொல்கிறான். பணக்கார நண்பர்கள் எலியட்டும் கிரெட்சனும் சிகிச்சைச் செலவை ஏற்கிறோம் என்கிறார்கள், அவன் வீம்புக்கு மறுக்கிறான், பிறகு அவர்கள்தான் கட்டுகிறார்கள் என்று பொய் சொல்கிறான். காரணம் சொல்லாமல் காணாமல் போகிறான். ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் நிர்வாணமாக நிற்கிறான், ஞாபகமே இல்லை என்கிறான். இரண்டாவது செல்போன் ஒன்று இருப்பதாக அவளுக்குச் சந்தேகம். இல்லை என்று சாதிக்கிறான். இரண்டாவது சீசனின் முதல் எபிசோடில், முகத்தில் பூச்சு போட்டுக்கொண்டு நிற்கும் கர்ப்பிணியை ஃப்ரிட்ஜோடு சேர்த்து அழுத்தி, அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மேலே விழுகிறான். மகள் ஹாலி பிறக்கும்போது அவன் ஆஸ்பத்திரியில் இல்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து ஏறும் நேரத்தில், செல்போனை எடுத்துவந்தாயா என்று அவள் கேட்க, அரைத்தூக்கத்தில் 'எந்த போன்?' என்று உளறுகிறான். அவள் கூச்சல் போடவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து அவன் தேறும்வரை காத்திருக்கிறாள். அதற்குள் கிரெட்சனிடம் பேசி, அவர்கள் ஒரு பைசாவும் கட்டவில்லை என்று தெரிந்துகொள்கிறாள். பிறகுதான் பையோடு கிளம்புகிறாள். மூன்றாவது சீசன் தொடங்கும்போது அவன் என்ன செய்கிறான் என்பதைத் தானே ஊகித்துக் கேட்டுவிடுகிறாள். தெரிந்ததும் அவள் கேட்பது விவாகரத்து. அதைக் கொடுத்துவிட்டால் ஹேங்கிடமும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இதற்குமேல் ஒரு மனைவி எவ்வளவு பொறுமையாக இருக்க முடியும்?

அடுத்த கேள்வி, ஏன் போலீஸிடம் சொல்லவில்லை என்பது. கேட்க எளிது. சட்டத்தின் பக்கம் திரும்பினால் அவள் எந்த இடுக்கில் நின்றாள் என்பது புரியும். அமெரிக்காவில் ஒரு குற்றம் தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பது, பொதுவாக, தன்னளவில் குற்றமில்லை. குற்றத்தை மறைத்ததற்கு 3 ஆண்டு வரை சிறை என்று ஃபெடரல் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் அது பொருந்தாது, மறைப்பதற்கென்று ஏதாவது செய்திருக்க வேண்டும். ஆக, போலீஸ்காரர் முன்னால் அவள் மௌனமாக நின்ற அன்று சட்டத்தின் பார்வையில் அவள் குற்றவாளி இல்லை.

சாட்சி சொல்லும் விஷயம் இன்னும் சிக்கலானது. 1980-இல் டிராமல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு முடிவு சொன்னது. ஃபெடரல் குற்ற வழக்கில் கணவனுக்கு எதிராக மனைவி சாட்சி சொல்வதா வேண்டாமா என்பது மனைவியின் முடிவு. கணவன் தடுக்க முடியாது, அரசு கட்டாயப்படுத்தவும் முடியாது. இந்தப் பாதுகாப்பு திருமணம் இருக்கும்வரைதான். விவாகரத்து ஆன அடுத்த நாள் அவளைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம். யோசித்துப் பாருங்கள்: எது மானமுள்ள முடிவோ, அதுவே அவளை மகனின் கண்முன்னால் அப்பாவுக்கு எதிரான சாட்சியாக்கும். மூன்றாவது சீசனின் இறுதிப் பகுதியில் விவாகரத்துப் பத்திரங்களைத் தாக்கல் செய்யவே இல்லை என்று அவள் சொல்வதும், கணவனுக்கு எதிராக மனைவியைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று சேர்த்துச் சொல்வதும் இதனால்தான்.

சொத்து விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நியூ மெக்சிகோவில் திருமண காலத்தில் சம்பாதித்தது கணவன் மனைவி இருவருக்கும் பொதுச் சொத்து. போதைப்பொருள் வழக்கில் சொத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அரசுக்கு மிகப் பெரியது. 1996-இல் பென்னிஸ் எதிர் மிச்சிகன் என்ற வழக்கு. கணவன் தெருவோரத்தில் பாலியல் தொழிலாளி ஒருவரோடு காருக்குள் பிடிபட்டான். கார் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கிய பழைய போண்டியாக். எனக்கு இது எதுவும் தெரியாது, என் பங்கையாவது கொடுங்கள் என்று மனைவி கேட்டார். கொடுக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2000-இல் வந்த ஃபெடரல் சீர்திருத்தச் சட்டம் குற்றமறியாத உரிமையாளருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. அதற்கு உரிமையாளருக்கு விஷயம் தெரியாமல் இருந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தவுடன் தடுப்பதற்கு நியாயமாக என்னென்ன செய்ய முடியுமோ அவ்வளவையும் செய்திருக்க வேண்டும். கைக்குழந்தையும் ஊன்றுகோலில் நடக்கும் மகனும் அந்த ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஸ்கைலர் சட்டப் பிரிவுகளை ஒப்பிப்பதாகத் தொடரில் காட்சி இல்லை. ஆனால் அவள் கணக்கு எழுதும் தொழில் தெரிந்தவள், ஒரு வக்கீலையும் பார்க்கிறாள். உடனே விலகிவிடுங்கள் என்கிறார் வக்கீல். மகனுக்கு அப்பா யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அவளைத் தடுக்கிறது. புற்றுநோயாளிக் கணவன் இன்னும் கொஞ்ச காலத்தில் போய்விடுவான், பையன் நல்ல நினைவுகளோடு இருக்கட்டும் என்ற நினைப்பும் இருக்கிறது.

டெட் விஷயத்துக்கு வருகிறேன். அது துரோகம்தானா? திருமணம் காகிதத்தில் இருக்கிறது. அவள் பிரிந்துபோகச் சொல்லிவிட்டாள், அவன் போக மறுக்கிறான். போலீஸ் உதவவில்லை, மகன் எதிரியாகிவிட்டான், உண்மையைச் சொன்னால் பிள்ளைகளின் வாழ்க்கையே உடையும். வால்ட் ஒரு பை நிறையப் பணத்தைக் கொண்டுவந்து வைத்து, இதற்காக நான் செய்ததெல்லாம் வீணாகலாமா என்கிறான். அவனைத் தானாகவே வெளியேற வைக்க அவள் கையில் மிச்சமிருந்தது அவனுடைய ஆண் கர்வம் ஒன்றுதான். அதில் குத்துகிறாள். அழகான செயல் இல்லை. டெட்டையும் அவள் ஒரு கருவியாகத்தான் பயன்படுத்திக்கொண்டாள், அந்த மனிதனுக்கு அது நியாயமும் இல்லை. ஆனால் அதே சமயத்தில் வால்ட்டின் கணக்கில் என்னென்ன இருந்தன? மெத் தயாரிப்பில் தன் கூட்டாளியான ஜெஸ்ஸியின் காதலி ஜேன் வாந்தியில் மூச்சுத் திணறிச் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தான். கிரேஸி-8 என்ற இளைஞனைச் சைக்கிள் பூட்டால் கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தான். அவற்றுக்கெல்லாம் நியாயம் கண்டுபிடித்த அதே பார்வையாளர்கள், சிறைவைக்கப்பட்ட ஒரு மனைவியின் உடலுறவில் வந்து கொதித்துப்போனார்கள்.

சிறைவைக்கப்பட்ட என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்தப் போலீஸ்காரரின் முதல் கேள்வியே கணவன் கை ஓங்கினானா என்பது. கை ஓங்காமலே ஒருத்தியின் வாழ்க்கையை முழுக்கத் தன் பிடிக்குள் வைத்துக்கொள்ளும் கணவர்கள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-இல் இதைத் தனிக் குற்றமாகவே சட்டம் ஆக்கினார்கள். ஒரு முறை நடந்த அடியைப் பார்க்காமல், தொடர்ந்து நடக்கும் கட்டுப்படுத்தலைப் பார்க்கும் சட்டம் அது. ஆல்புகர்க்கியில் வந்து நின்ற அந்தப் போலீஸ்காரரிடம் அப்படி ஒரு கேள்வித்தாள் இருக்கவில்லை.

இதன் உச்சம் ஐந்தாவது சீசனின் 'ஃபிஃப்டி ஒன்' எபிசோட். முழுத் தொடரிலும் ஸ்கைலரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு எபிசோட் பார்க்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். வால்ட்டின் 51-ஆவது பிறந்தநாள். ஹேங்கும் மாரியும் விருந்துக்கு வந்திருக்கிறார்கள். வால்ட் பழைய கதைகளை நெகிழ்ச்சியோடு பேசிக்கொண்டிருக்க, ஸ்கைலர் எழுந்து நீச்சல் குளத்துக்குள் உடுத்திய துணியோடு படியிறங்கி மூழ்கிவிடுகிறாள். அவளுக்குப் பைத்தியம் என்று தங்கை நினைக்கட்டும், பிள்ளைகளைக் கொஞ்ச நாள் அழைத்துப்போகட்டும் என்பதுதான் கணக்கு. அது பலிக்கிறது. அன்று இரவு படுக்கையறையில் வால்ட் அவளுடைய ஒவ்வொரு வழியையும் அடைக்கிறான். என்னை நானே காயப்படுத்திக்கொண்டு நீ அடித்தாய் என்பேன் என்கிறாள், அதையும் மடக்குகிறான். உன்னை மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால்? இன்னும் என்ன திட்டம் வைத்திருக்கிறாய்? ஒரு வாத்தியார் மாணவியை மடக்குவதுபோல் அறை முழுக்க அவளைத் துரத்தித் துரத்திக் கேட்கிறான். அவள் பின்வாங்கிக்கொண்டே போகிறாள். கடைசியில் ஒப்புக்கொள்கிறாள்: போலீஸுக்குப் போக முடியாது, பணத்தை வெள்ளையாக்குவதை நிறுத்த முடியாது, உன்னை வீட்டைவிட்டு வெளியே வைக்க முடியாது, என் படுக்கையைவிட்டுக்கூட வெளியே வைக்க முடியாது, நான் கோழை, காத்திருப்பது ஒன்றுதான் மிச்சம். எதற்குக் காத்திருக்கிறாய் என்று கேட்கிறான். புற்றுநோய் திரும்பி வருவதற்கு என்கிறாள்.

அந்தப் பதிலைக் குரூரம் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் கேட்பது, வழக்குப் போடக்கூட இடமில்லாத ஒருத்தியின் வாக்குமூலம்.

இனி அவளுடைய உண்மையான தவறுகள். அவை தொடங்கும் இடமும் சுத்தமான கெட்ட எண்ணத்தில் இல்லை. ஹேங்க் சுடப்படுகிறான், கால்கள் செயலிழக்கின்றன. அவனுடைய காப்பீடு தரும் பிசியோதெரபி போதாது. நல்ல சிகிச்சைக்கு மாரியிடம் பணம் இல்லை. ஹேங்க் சுடப்பட்டதற்கும் வால்ட்டின் தொழிலுக்கும் தொடர்பு இருப்பதை ஸ்கைலர் ஊகித்துவிடுகிறாள். தங்கைக்கு முன்னால் உட்கார்ந்து, சூதாட்டத்தில் சீட்டுகளை எண்ணி ஆடி வால்ட் சம்பாதித்தான் என்று ஒரு முழுக் கதையை அந்த இடத்திலேயே நெய்கிறாள். முதல் சீசனில் சிறுகதை எழுதுகிறவளாக அறிமுகமானவள், அந்தத் திறமை முழுவதையும் இங்கே காட்டுகிறாள். போதைப்பொருள் பணம் போதைப்பொருள் அதிகாரியின் கால்களுக்குச் செலவாகிறது. பின்னால் அந்தத் தொகை 1,77,000 டாலர் என்று ஹேங்குக்குத் தெரியவரும்போது அதுவே அவன் கைகளைக் கட்டிப்போடும் கயிறாகிறது. ஆனால் கொடுத்த அன்று அவளுக்கு அது பரிகாரம். தவறான பணத்தால் ஒரு நல்ல காரியம் செய்யலாமா என்ற கேள்விக்கு என்னிடம் திட்டவட்டமான பதில் இல்லை. அவள் நிலையில் இருந்தால் நானும் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு சரிவு வேகமெடுக்கிறது. பணத்தை வெள்ளையாக்க லேசர் டேக் விளையாட்டுக் கூடம் வாங்கச் சொல்கிறான் வக்கீல் சால் குட்மேன். வால்ட் வேலை பார்த்த கார் வாஷையே வாங்கலாம் என்கிறாள் ஸ்கைலர். அவன் அங்கே வேலை செய்ததால் ஊர் நம்பும். அடி உதை கூடாது என்று கட்டாயமாகச் சொல்கிறாள். ஆனால் சுற்றுச்சூழல் அதிகாரி வேஷத்தில் ஆளனுப்பி, கழிவுநீரில் நச்சு கலந்திருப்பதாகப் பயம் காட்டி, உரிமையாளர் போக்டானை விற்கவைக்கிறாள். விற்க ஒப்புக்கொண்ட பிறகு விலையையும் குறைக்கிறாள். போக்டான் கடுகடுத்த முதலாளிதான், ஆனால் அதற்காகத் தன் தொழிலை ஏமாற்றி வாங்கப்பட வேண்டியவர் இல்லை. இந்தக் காட்சியில் பார்வையாளர்கள் கைதட்டினார்கள். ஃபெடரல் சட்டத்தில் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதற்கு 20 ஆண்டு வரை சிறை உண்டு. போலீஸ்காரர் முன் மௌனமாக நின்றதற்கும் இதற்கும் இடையே மலையளவு தூரம். வெறுப்பு விழ வேண்டிய இடம் இதுவாக இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

நான்காவது சீசனின் நடுவில் 'கார்னர்ட்' என்ற எபிசோட். கதவைத் தட்டுபவனே நான்தான் என்று வால்ட் கர்ஜிக்கும் புகழ்பெற்ற வசனம் இதில்தான் வருகிறது. சட்டைகளிலும் கோப்பைகளிலும் அச்சடித்து விற்கப்பட்ட வசனம். அதைக் கேட்டதும் ஸ்கைலர் என்ன செய்தாள் என்பது எந்தச் சட்டையிலும் இல்லை. ஹாலியைத் தூக்கிக்கொண்டு காரில் கிளம்புகிறாள். அரிசோனா, யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ நான்கு மாநில எல்லைகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும் நினைவிடத்துக்குப் போகிறாள். காசைச் சுண்டுகிறாள். கொலராடோ பக்கம் விழுகிறது. மறுபடி சுண்டியும் கொலராடோதான். போய்விடு என்று காசு சொல்லிவிட்டது. சற்று நேரம் நின்றவள் காலை நீட்டி, செருப்பு நுனியால் காசை நியூ மெக்சிகோ பக்கம் இழுத்துக்கொள்கிறாள். வீட்டுக்குத் திரும்பி வந்து, இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றும் மனிதனிடமிருந்து இந்தக் குடும்பத்தை யாராவது காப்பாற்ற வேண்டும் என்கிறாள்.

அந்தக் காலசைவில் அவளுக்கான வாதமும் அவளுக்கு எதிரான வாதமும் ஒன்றாக இருக்கின்றன. அதுவரை அவள் மாட்டிக்கொண்டவள். அன்று கார் இருந்தது, குழந்தை மடியில் இருந்தது, நான்கு மாநிலங்களுக்கும் சாலை திறந்திருந்தது. திரும்பி வந்தது அவள் தேர்வு. மகன் அங்கே இருக்கிறான் என்பது உண்மையான காரணம். கார் வாஷும் கணக்குப் புத்தகமும் தன் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, தன்னால் இதைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கையும் உள்ளே இருந்தது. வால்ட்டைப்போல அவளும் தன் திறமையை ருசித்துவிட்டாள்.

டெட்டின் கதை இந்த நம்பிக்கையின் விலை. அவனுடைய கம்பெனிக் கணக்கில் மோசடி. வருமான வரி அதிகாரிகள் கிண்டினால், அந்தக் கணக்கை எழுதியவள் என்ற முறையில் அவளையும் கிண்டுவார்கள், கார் வாஷ் வரை வந்துவிடுவார்கள். ஒன்றும் தெரியாத கணக்குப் பிள்ளையாக வேஷம் கட்டி முதலில் சிறையிலிருந்து காப்பாற்றுகிறாள். பிறகு 6,20,000 டாலருக்கு மேல் வால்ட்டின் பணத்தை எடுத்து, அவன் வரி பாக்கியைக் கட்டக் கொடுக்கிறாள். வாங்கிக்கொண்டவன் மெர்சிடிஸ் காரில் சுற்றுகிறான், வரியைக் கட்ட மறுக்கிறான். சாலின் ஆட்கள் மிரட்டிக் காசோலை எழுத வைக்கிறார்கள். தப்பி ஓடும்போது கம்பளத்தில் கால் வழுக்கி விழுந்து கழுத்து முறிகிறது. இதை அவள் உத்தரவிடவில்லை, விரும்பவுமில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையில் கம்பி மாட்டிக் கிடக்கும் டெட், யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன் என்று நடுங்கும்போது, அழவந்தவள் முகம் இறுகி 'நல்லது' என்கிறாள். ஆனா கன் அந்த ஒரு சொல்லைச் சொல்லும் விதம் பயங்கரம். பயப்படுத்தினால் வேலை நடக்கும் என்பதை அவள் கற்றுக்கொண்ட நொடி அது.

மேலே சொன்ன, ஏற்க முடியாத வாக்கியம் இதன் தொடர்ச்சி. ஜெஸ்ஸி வீட்டில் பெட்ரோல் ஊற்றியிருக்கிறான் என்று தெரிந்ததும், ஓட்டல் அறையில் அவள் வால்ட்டிடம் சொல்கிறாள்: இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் ஒன்றுதானே. வால்ட்டே தயங்கி நிற்கும்போது அவள் சொல்வது. ஒரு இளைஞனைக் கொல்லச் சொல்கிறாள். பிள்ளைகள் தூங்கும் வீடு எரிய இருந்தது என்ற பயத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இதற்கு என்னால் வாதாட முடியாது. ஸ்கைலரை வெறுத்த கூட்டம் இந்தக் காட்சியில் அவளைப் பாராட்டியது, ஒருவழியாக வால்ட்டின் பக்கம் வந்துவிட்டாள் என்று. எதை அவளிடம் எதிர்பார்த்தார்கள் என்பது அங்கே அப்பட்டமாகிவிட்டது.

'தி சோப்ரனோஸ்' தொடரில் மாஃபியா தலைவன் டோனியின் மனைவியான கார்மெலாவோடு அவளை ஒப்பிடுவது வழக்கம். 2001-இல் வந்த மூன்றாவது சீசனில் கார்மெலா ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கிறாள். டாக்டர் கிராகோவர் என்ற அந்தப் பாத்திரம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு விலகிவிடுங்கள், அந்தப் பணம் ரத்தப் பணம், அதிலிருந்து கட்டணம்கூட வாங்க மாட்டேன், இனி யாரும் சொல்லவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. கார்மெலா போகவில்லை. அவள் டோனி யாரென்று தெரிந்தே மணந்தவள், அந்த வீடும் நகையும் தெரிந்தே அனுபவித்தவள். ஸ்கைலர் மணந்தது ஒரு வேதியியல் வாத்தியாரை. உண்மை தெரிந்தவுடன் அவளாகவே வெளியேறும் வழியைத் தேடினாள். வசதி அவளை ஒருபோதும் மயக்கவில்லை. குடும்பத்துக்கு 7,37,000 டாலர் போதும் என்று இரண்டாவது சீசனில் கணக்குப் போட்ட வால்ட், சுமார் 8 கோடி டாலர் வரை போகிறான். வாடகைக் கிடங்கில் கட்டுக்கட்டாக அடுக்கிய அந்தக் குவியலைக் காட்டி, இது இன்னும் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டு அவனை நிறுத்தவைப்பவள் அவள்தான்.

2013 ஆகஸ்டில் ஆனா கன் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். பாத்திரத்தின் மீதான வெறுப்பு நடிகை மீதான வெறுப்பாகவும், கொலை மிரட்டலாகவும் மாறியதை அதில் சொன்னார். கணவனுக்கு வாய்மூடி ஒத்துப்போகாத, அவனுக்குச் சமமாக நின்று எதிர்க்கும் பெண்ணைப் பார்ப்பவர்களால் சகித்துக்கொள்ள முடியவில்லை என்பது அவர் முடிவு. கில்லிகனும் அந்த ஆண்டு, வால்ட்டின் மனைவியை வெறுப்பவர்களைப் பெண் வெறுப்பாளர்கள் என்றே வெளிப்படையாகச் சொன்னார். ஸ்கைலராக நடித்ததற்காக 2013, 2014 இரண்டு ஆண்டுகளும் ஆனா கன்னுக்கு எம்மி விருது கிடைத்தது. பெண் வெறுப்பு மட்டும் காரணம் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. கதை சொல்லும் கோணத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதே கோணத்தில்தான் ஹேங்கும் வால்ட்டைத் துரத்துகிறான், அவனை யாரும் அப்படி வெறுக்கவில்லை.

ஹேங்க் என்றதும் கடைசி சீசனில் உணவகத்தில் நடக்கும் சந்திப்பைச் சொல்ல வேண்டும். வால்ட்தான் குற்றவாளி என்று தெரிந்தவுடன் ஹேங்க் ஸ்கைலரை அழைத்து, மேஜைமேல் ரெக்கார்டரை வைத்து, எல்லாவற்றையும் சொல்லு என்கிறான். அன்பாகத்தான் பேசுகிறான். வக்கீல் வேண்டாமா என்று அவள் கேட்டதும் அதற்கெல்லாம் அவசியமில்லை என்கிறான். அந்த நிமிடம் அவளுக்குப் புரிந்துவிடுகிறது: இவனுக்கு வால்ட் வேண்டும், அதற்காக என்ன ஆனாலும் சரி. என்னைக் கைது செய்திருக்கிறாயா என்று குரலை உயர்த்திக் கேட்டுவிட்டு வெளியேறுகிறாள். இதைத் துரோகம் என்றார்கள். வக்கீல் இல்லாமல் பேசாதே என்று எந்தக் குற்ற வழக்கறிஞரும் தன் கட்சிக்காரரிடம் முதலில் சொல்வதை அவள் செய்தாள், அவ்வளவுதான்.

எல்லாம் இடிந்த பிறகு, இறுதி எபிசோடில் ஒரு சிறிய அடுக்ககத்தில் இருக்கிறாள். டாக்சி நிறுவனத்தில் வேலை, தலைமேல் வழக்கு. ரகசியமாக வந்து நிற்கும் வால்ட் ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்க, குடும்பத்துக்காகத்தான் செய்தேன் என்று இன்னொரு தடவை கேட்க நேர்ந்தால் என்று ஆரம்பிக்கிறாள். எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்கிறான். பிறகு ஒரு லாட்டரிச் சீட்டைக் கொடுக்கிறான். கொல்லப்பட்ட ஹேங்கும் அவனுடைய சக அதிகாரி கோமஸும் புதைக்கப்பட்ட இடத்தைக் காட்டும் எண்கள் அதில் இருக்கின்றன. அரசு வழக்கறிஞரிடம் பேரம் பேச அவளுக்குக் கிடைத்த ஒரே பொருள். அதை அவள் என்ன செய்தாள் என்று 2013-இல் தொடர் காட்டவில்லை. 2022-இல் 'பெட்டர் கால் சால்' தொடரின் இறுதிப் பகுதியில், தலைமறைவாக இருக்கும் சாலுக்குப் பழைய செயலாளர் பிரான்செஸ்கா தொலைபேசியில் ஊர்ச் செய்திகளைச் சொல்கிறார். அவற்றுக்கு நடுவில் ஒரு வரி: ஸ்கைலர் வைட்டுக்கு அரசோடு உடன்பாடு ஆகிவிட்டது. சால் அதைக் காதில் வாங்கிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறான். எனக்கு அந்த வரி நிம்மதியாக இருந்தது. கார் வாஷுக்கும் போக்டானுக்கும் அவள் பதில் சொல்லியிருப்பாள். ஹாலியை வளர்க்க வீட்டில் ஒரு ஆள் இருக்கிறாள்.